எட்டுப் பேரின் ‘யூனியன்’: யெஸ் குழுவின் மறுசேர்க்கை அல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஐம்பது தாண்டிய ஒரு தமிழன் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.எம்.எஸ். கேட்பான், இல்லாவிட்டால் நாதஸ்வரம் கேட்பான் என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். இரண்டும் நான் கேட்பதுதான். ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. யெஸ் என்ற ஆங்கில ரொக் குழு. என் மருமகன் கிற்றார் பழகத் தொடங்கியதிலிருந்து அவனும் அவனுடைய கூட்டாளிமாரும் என் அலுமாரியைக் கிளறி ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அதிலும் அந்தக் குழு 1991இல் வெளியிட்ட ‘யூனியன்’ என்ற அல்பத்தைப் பற்றித்தான் கூடக் கேள்வி வருகிறது. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

யெஸ் என்றால் எங்கள் வானொலியா?

இல்லை. கொழும்பில் யெஸ் என்று சொன்னால் முதலில் யெஸ் எஃப்.எம். தான் ஞாபகம் வரும். யூனியன் என்று சொன்னால் யூனியன் பிளேஸ் என்ற வீதி. ஆகவே “யெஸ், யூனியன்” என்று இந்த ஊரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், வானொலி நிலையத்துக்கு வழி கேட்கிறீர்கள் என்று நினைத்துக் கையைக் காட்டுவார்கள்.

இது 1968இல் லண்டனில் தொடங்கிய குழு. பாடகர் ஜோன் அன்டர்சன், பேஸ் கிற்றார்க்காரர் கிறிஸ் ஸ்குவயர் ஆகிய இருவரும் தொடக்கியது.

புரோக்ரெசிவ் ரொக் என்று ஏன் சொல்கிறார்கள்? சாதாரண ரொக்கிலிருந்து என்ன வித்தியாசம்?

ஒரு கச்சேரியில் மூன்று நிமிடத் துக்கடாவுக்கும் ராகம் தானம் பல்லவிக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதுதான். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்கள், மின்சார கிற்றாரையும் ட்ரம்ஸையும் வைத்துக்கொண்டு நீண்ட உருப்படிகள் செய்யலாம் என்று கிளம்பினார்கள். ஐந்து, ஏழு என்று தாளக் கணக்கு மாறும். நமக்குக் கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் கோயில் வீதியிலேயே காதில் விழுகிற விஷயம். நாலுக்கு நாலு மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அது அதிசயம்.

யெஸ் 1972இல் வெளியிட்ட ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ அல்பத்தில் மொத்தம் மூன்றே பாட்டு. தலைப்புப் பாட்டு மட்டும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல். அடுத்த வருடம் இன்னும் ஒரு படி போனார்கள். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பை அன்டர்சன் வாசித்தார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நாலையும் வைத்து நாலு பக்கத்துக்கு நாலு பாட்டாக ஓர் இரட்டை இசைத்தட்டுச் செய்தார்கள். கீபோர்ட் வாசித்த றிக் வேக்மனுக்கு அந்த அல்பத்தில் பிடிப்பே இல்லை. மான்செஸ்டரில் அதை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது இந்தியக் கறிச் சாப்பாடு எடுப்பித்து கீபோர்டின் மேல் வைத்துச் சாப்பிட்டாராம். அவரே சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை அது. கொஞ்ச நாளில் குழுவை விட்டும் போனார்.

இந்தக் குழுவில் ஆட்கள் வருவதும் போவதும் அந்தளவு சகஜம். அதை மனதில் வைத்திருங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

சரி, ஒரு குழுவில் எட்டுப் பேர் எப்படி வந்தார்கள்?

பாடகர் ஒருவர், பேஸ் ஒருவர், மற்ற எல்லாம் இரட்டை: கிற்றாருக்கு இரண்டு பேர், கீபோர்டுக்கு இரண்டு பேர், ட்ரம்ஸுக்கு இரண்டு பேர். ஒவ்வொரு சோடியிலும் ஒருவர் போன இடத்துக்குத்தான் மற்றவர் வந்தார் என்பதுதான் வேடிக்கை.

முதல் கீபோர்ட்காரர் ரொனி கே. 1971இல் அவரை அனுப்பிவிட்டு வேக்மனை எடுத்தார்கள். ட்ரம்ஸில் பில் புரூஃபர்ட். 1972இல் அவர் தானாகவே விலகி கிங் கிரிம்ஸன் குழுவுக்குப் போக, அலன் வைற் வந்தார். கிற்றாரில் ஸ்டீவ் ஹௌ. 1981இல் குழுவே கலைந்துபோனது.

கலைந்த பிறகு ஸ்குவயரும் வைற்றும் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ட்ரெவர் ரேபின் என்ற கிற்றார்க்காரருடன் சேர்ந்து சினிமா என்று வேறு பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். பழைய ரொனி கேயும் வந்து சேர்ந்தார். பதிவு முடிகிற நேரத்தில் அன்டர்சனும் வந்து பாட, அன்டர்சனும் ஸ்குவயரும் இருந்தால் அது யெஸ் தானே என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அந்த 1983ஆம் ஆண்டு அல்பத்தின் பெயர் ‘90125’. இசைத்தட்டு நிறுவனத்தின் வெறும் பட்டியல் இலக்கத்தையே பெயராக வைத்தார்கள். அதில் வந்த ‘ஓனர் ஒஃப் அ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. யெஸ் குழுவுக்கு அங்கே முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு அதுதான்.

பிறகு இரண்டு யெஸ் ஆனது எப்படி?

1988இல் அன்டர்சன் விலகினார். விலகி, எழுபதுகளின் பழைய ஆட்களான புரூஃபர்ட், வேக்மன், ஹௌ மூவரையும் கூட்டிச் சேர்த்தார். பேஸ் வாசிக்க அமெரிக்கரான ரொனி லெவினை அழைத்தார்கள். ஆனால் யெஸ் என்ற பெயர் ஸ்குவயர் பக்கம் இருந்தது. வழக்கு வரைக்கும் போனது. அதனால் நாலு பேருடைய பெயரையும் வரிசையாக எழுதி, சட்டத்தரணிகளின் பெயர்ப் பலகை மாதிரி அன்டர்சன் புரூஃபர்ட் வேக்மன் ஹௌ என்று 1989இல் அல்பம் வெளியிட்டார்கள்.

இப்படி ஒரு பக்கத்தில் பழைய ஆட்கள், பாடகர், ஆனால் பெயர் இல்லை. மறுபக்கத்தில் பெயர் இருக்கிறது, பாடகர் இல்லை. காணி ஒருவர் பெயரில், கிணறு இன்னொருவர் பெயரில் இருக்கிற சகோதரர்கள் மாதிரி.

யார் சமாதானம் செய்து வைத்தது?

மனம் மாறிச் சேரவில்லை. அன்டர்சன் அணி இரண்டாவது அல்பத்துக்காகப் பிரான்ஸில் வேலை தொடங்கியிருந்தது. அவர்களின் நிறுவனமான அரிஸ்டாவுக்கு வானொலியில் ஓடக்கூடிய பாட்டு வேண்டும். அதற்கு ரேபினிடம் பாட்டுக் கேட்டார்கள். அவர் தெரிவுக்காகச் சிலவற்றை அனுப்பினார். அதிலிருந்து பேச்சு வளர்ந்து, இரண்டு பக்கத்தையும் ஒரே உறைக்குள் போட்டு யெஸ் என்று பெயர் வைத்தால் எல்லோருக்கும் லாபம் என்ற இடத்துக்கு வந்து நின்றது. முகாமையாளர்களும் நிறுவனங்களும் பேசி முடித்த கலியாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்தது மணவறையில்தான்.

அப்படியானால் எட்டுப் பேரும் சேர்ந்து வாசித்த பாட்டு எது?

ஒன்றும் இல்லை.

இதைச் சொன்னதும் பெடியன்கள் நம்பவில்லை. “மாமா, அல்பத்தின் பெயரே யூனியன் தானே?” என்று கேட்டான் மருமகன். பெயர் அதுதான் தம்பி. ஆனால் எட்டுப் பேரும் வாசித்த பாட்டு ஒன்றாவது அதில் கிடையாது. புரூஃபர்ட்டும் வைற்றும் ஒரே பாட்டில் ட்ரம்ஸ் வாசிக்கவில்லை. ஹௌவும் ரேபினும் ஒரே பாட்டில் கிற்றார் வாசிக்கவில்லை.

பதினாலு பாட்டில் நாலு ஸ்குவயர்–ரேபின் பக்கத்தினுடையவை: ‘லிஃப்ட் மி அப்’, ‘சேவிங் மை ஹார்ட்’, ‘மிராக்கிள் ஒஃப் லைஃப்’, ‘தி மோர் வி லிவ்’. மற்றப் பத்தும் அன்டர்சன் பக்கத்தினுடையவை. இரண்டு பக்கத்திலும் பாடியவர் அன்டர்சன். ஸ்குவயர் மறுபக்கத்துப் பாட்டுகள் சிலவற்றுக்குக் கூடக் குரல் கொடுத்தார், ஆனால் பேஸ் அங்கே லெவின்தான். ஒட்டுக்கு இருந்தது அவ்வளவுதான்.

ஆடிவேல் காலத்தில் புறக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வேல்த் தேர் பம்பலப்பிட்டிக்கும் இன்னொன்று வெள்ளவத்தைக்கும் வரும். வேறு வேறு கோயில், வேறு வேறு மேளம், ஆனால் காலி வீதி ஒன்று, விழாவின் பெயரும் ஒன்று. பார்க்கிற சனத்துக்கு அது ஆடிவேல், அவ்வளவுதான். ‘யூனியன்’ அல்பமும் அப்படித்தான். என்ன, வேலில் யாரும் மற்றவருடைய மேளகாரரை ஒளித்து வைத்துவிட்டு வேறு ஆளைக் கொண்டு வாசிப்பிக்கவில்லை.

அது என்ன கதை?

இதுதான் அந்த அல்பத்தின் பெரிய புண். அன்டர்சன் பக்கத்துப் பாட்டுகளைத் தயாரித்தவர் ஜொனதன் எலயஸ். எம்.டி.வி. தொலைக்காட்சியின் ஆரம்பகால அடையாள இசையைச் செய்தவர்களில் ஒருவர். டியூரன் டியூரன் குழுவுடனும் வேலை செய்தவர். அவருடைய முந்தைய அல்பம் ஒன்றில் அன்டர்சன் பாடியுமிருக்கிறார். அந்தப் பழக்கத்தில் வந்தவர்.

பிரான்ஸில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்துவிட்டுக் கலைந்து போனார்கள். மிச்ச வேலை அமெரிக்காவில் நடந்தது. அங்கே எலயஸ், அன்டர்சனின் ஒப்புதலோடு, வெளி வாத்தியக்காரர்களை வரிசையாக அழைத்தார். ஹௌவின் கிற்றார் இருந்த பல இடங்களில் ஜிம்மி ஹோன் என்ற லொஸ் ஏஞ்சல்ஸ் கிற்றார்க்காரர் வாசித்தார். வேக்மன் வாசித்ததற்கு மேலும் அதற்குப் பதிலாகவும் வேறு பலருடைய கீபோர்ட் ஏறியது. அதில் ரோட்டோ (Toto) குழுவின் ஸ்டீவ் போர்க்காரோவும் ஒருவர். உறையில் எல்லாருடைய பெயரும் சின்ன எழுத்தில் இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவன் உறையின் முன்பக்கத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறான்?

அல்பம் வெளிவந்த பிறகுதான் தங்கள் வாசிப்பு என்னவானது என்று ஹௌவுக்கும் வேக்மனுக்கும் முழுமையாகத் தெரிந்தது. காரில் போய்க்கொண்டிருந்தபோது அதன் கசெட்டைப் போட்டுக் கேட்டு, கேட்டுக்கொண்டே ஜன்னலால் வெளியே எறிந்துவிட்டதாக வேக்மன் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் ‘யூனியன்’ என்று சொல்வதில்லை, ‘ஒனியன்’ என்பார். கேட்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வருகிறதாம். தமிழில் வெங்காயம் என்றால் கண்ணீருக்கு மட்டுமல்ல, உரிக்க உரிக்க உள்ளே ஒன்றும் இல்லை என்று திட்டவும் உதவும். வேக்மனுக்கு அது தெரிந்திருந்தால் இரண்டாவது பகிடியும் விட்டிருப்பார்.

அப்போது எலயஸ்தான் குற்றவாளியா?

எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் கட்டடம் பாதியில் நிற்க ஊருக்குப் போய்விட்டார், நிறுவனம் திகதி குறித்துவிட்டது, கையில் கிடைத்த மேசனைப் பிடித்து வேலையை முடிக்காமல் அவர் என்ன செய்வார்? ஆட்கள் ஒரே அறையில் இருக்க விரும்பவில்லை என்பதுதான் அடிப்படை. அது எலயஸ் உண்டாக்கிய நிலைமை இல்லை. ஆனால் அவர் பூசிய பூச்சு தடிப்பு, அது உண்மை. ஒவ்வொரு பாட்டிலும் கீபோர்ட் புகை மாதிரி மூடி நிற்கிறது.

வெளிவந்தபோது வரவேற்பு எப்படி?

இரண்டு விதமாகச் சொல்லலாம். வியாபாரத்தைப் பார்த்தால் தோல்வி என்று சொல்ல முடியாது. 1991 ஏப்ரல் கடைசியில் வந்தது. இங்கிலாந்தில் 7ஆம் இடம், அமெரிக்காவில் 15ஆம் இடம். ‘லிஃப்ட் மி அப்’ அமெரிக்க ரொக் வானொலிப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹௌ தனி ஒரு கிற்றாரில் வாசித்த ‘மாஸ்கரேட்’ என்ற இரண்டு நிமிட உருப்படி கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கிடைத்தது எரிக் ஜோன்சனின் ‘கிளிஃப்ஸ் ஒஃப் டோவர்’ உருப்படிக்கு.

அந்தக் கிராமி விஷயத்தில் ஒரு குத்தல் இருக்கிறது. பதினாலு பாட்டில் எந்தத் தயாரிப்பாளரின் பூச்சும் படாமல், யாரும் மாற்றி வாசிக்காமல், ஒரு மனிதன் ஒரு வாத்தியத்தோடு இருந்து வாசித்தது அந்த ஒன்றுதான். போட்டிக்குப் போனதும் அதுதான்.

விமர்சகர்களுக்கும் பழைய ரசிகர்களுக்கும் திருப்தி இல்லை. இரண்டு அல்பத்தைப் பாதி பாதியாக வெட்டி ஒட்டியது போல இருக்கிறது என்பதே பொதுக் குறை. அதை மறுக்க ஏலாது. அதைவிடப் பெரிய அடி உள்ளிருந்து வந்தது. வேக்மன் ஒருபுறம், புரூஃபர்ட் ஒருபுறம் என்று செய்தவர்களே அதைத் திட்டத் தொடங்கினால் ரசிகன் ஏன் தாங்கிப் பேசப் போகிறான்? இன்றைக்கும் யெஸ் ரசிகர்கள் நல்லது கெட்டது என்று வரிசைப்படுத்தும்போது ‘யூனியன்’ அடியில்தான் கிடக்கும்.

காலமும் சரியில்லை. ஐந்து மாதத்தில் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வந்தது. அதற்குப் பிறகு நீண்ட தலைமுடியும் நீண்ட பாட்டும் உள்ள நாற்பது வயதுக்காரர்களுக்குக் கொஞ்சக் காலம் யாரும் கதவு திறக்கவில்லை.

எட்டுப் பேர் என்பதே கூடிப்போனதாலா பிழைத்தது?

ஆள் கணக்கில் பிழை இல்லை. இதற்குச் சாட்சி அதே புரூஃபர்ட்டும் அதே லெவினும்தான். மூன்று நாலு வருடம் கழித்து கிங் கிரிம்ஸன் குழு மறுபடி கூடியது. ஆறு பேர். இரண்டு கிற்றார், இரண்டு ட்ரம்ஸ், அடித்தள ஸ்வரங்களுக்கு இரண்டு பேர். அதே இரட்டைக் கணக்கு. 1995இல் வந்த ‘த்ராக்’ அல்பத்தைக் கேளுங்கள். இரண்டு ட்ரம்ஸும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, மேளச் சமா மாதிரி போகும். அவர்கள் ஓர் அறைக்குள் இருந்து சண்டை பிடித்தார்கள், அந்தச் சண்டை இசையில் கேட்கிறது.

இன்னொன்று, வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழு. எழுபதுகளின் அதே நாலு பேர், கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து 2005இல் ‘பிரசன்ட்’ என்று இரட்டை அல்பம் வெளியிட்டார்கள். இரண்டாவது தட்டு முழுவதும் முன்திட்டம் இல்லாமல் கூடி வாசித்தது. நாலு கிழவர்கள் ஓர் அறையில் இருந்து, நீ தொடங்கு நான் வாறேன் என்று வாசிக்கிறார்கள். மறுசேர்க்கை என்றால் எனக்கு அதுதான். ‘யூனியன்’ கேட்கும்போது அறை கேட்பதில்லை. கூரியரில் வந்த பொதிகள்தான் கேட்கிறது.

மேடையிலும் இப்படித்தானா?

இல்லை! அங்கேதான் கதை மாறுகிறது. 1991 ஏப்ரலில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் தொடங்கி, ஐரோப்பா போய், அடுத்த வருடம் ஜப்பானில் முடிந்தது. அரங்கின் நடுவில் வட்ட மேடை, அது மெதுவாகச் சுழலும், சுற்றிவர சனம். எட்டுப் பேரும் ஒன்றாக ஏறினார்கள். தன் இடத்துக்கு வந்தவனையும் தான் யாருடைய இடத்துக்கு வந்தானோ அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய பாட்டுகளை வாசித்தார்கள். வைற் வழக்கமான ட்ரம்ஸில் அடிக்க, புரூஃபர்ட் மின்னணு ட்ரம்ஸில் இடைவெளிகளை நிரப்பினார்.

அந்த அல்பத்தைக் கழுவிக் கழுவி ஊற்றுகிற வேக்மனே அந்தச் சுற்றுப்பயணத்தைத் தன் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமான ஒன்றாகச் சொல்கிறார். கலிபோர்னியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் பதிவு 2011இல் ‘யூனியன் லைவ்’ என்று வெளிவந்தது. பெடியன்களுக்கு அதைத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். எட்டுப் பேரும் தேவையா என்றால் தேவையில்லைதான். சில இடத்தில் கலியாண வீட்டுப் பந்தி மாதிரி நெரிசல். ஆனாலும் முகங்களில் ஒரு சிரிப்பு இருக்கிறது, அது ஸ்டூடியோவில் இல்லாதது.

நீங்கள் எப்படி இதைக் கேட்டீர்கள்? அந்தக் காலத்துக் கொழும்பில் இதெல்லாம் கிடைத்ததா?

கடையில் தேடி வாங்கவில்லை. 1992இல் ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் பெட்டிக்குள் நாலைந்து சீ.டி. கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் சீ.டி. போட ஒன்றும் இல்லை. அண்ணர் காலி வீதியில் ஒரு ரெக்கோடிங் பாருக்கு என்னைக் கூட்டிப்போய், “இதை ஒரு கசெட்டில் அடித்துக் கொடுங்கோ” என்றார். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று அம்மா வாசலில் வைத்து இரண்டு தரம் கேட்டு அனுப்பிய காலம் அது. ஏ.எல். சோதனை முன்னால் நிற்க, நான் பாட்டுக் கசெட் வாங்கப் போகிறேன்.

அல்பத்தின் நீளம் அறுபத்தைந்து நிமிடம் வரும். கடைக்காரர் போட்டது அறுபது நிமிடக் கசெட். எனக்கு அப்போது இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் தடக் என்று நிற்கும். மறுபக்கத்தில் ‘ஹோல்டிங் ஒன்’ பாட்டோடு நாடா தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு இரண்டு பாட்டு இருக்கிறது என்பதே பல வருடம் தெரியாது. அண்ணர் சீ.டி.யைத் திருப்பிக் கொண்டு போய்விட்டார், உறையைப் பார்க்கவும் வழியில்லை.

அதனால்தான் நான் இந்த அல்பத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து பேசுகிறேனோ தெரியவில்லை. யார் வாசித்தது, யாரை மாற்றினார்கள், யார் யாரோடு கதைக்கவில்லை, ஒன்றும் தெரியாமல் கேட்டேன். ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ அதற்குப் பிறகுதான் கேட்டேன். லண்டனில் 1972இலேயே யெஸ் கேட்டவனுக்கு ‘யூனியன்’ ஓர் ஏமாற்றம். வெள்ளவத்தையில் 1992இல் முதல்முறை கேட்டவனுக்கு அது ஒரு புது ஊர். இரண்டு பேரும் கேட்டது ஒரே அல்பம்தான்.

அப்போது உங்களுக்கு எது பிடித்தது? இப்போது எது?

அப்போது ‘லிஃப்ட் மி அப்’. பதினெட்டு வயதில் வேறு எதுதான் பிடிக்கும்? பெரிய கிற்றார், பெரிய பல்லவி. இப்போதும் அலுக்கவில்லை. ரேபினுக்குப் பாட்டைத் தூக்கி நிறுத்தத் தெரியும். பிற்காலத்தில் ஹொலிவூட் படங்களுக்கு இசையமைக்கப் போனது சும்மா இல்லை.

‘மிராக்கிள் ஒஃப் லைஃப்’ அல்பத்திலேயே நீளமான பாட்டு, ஏழரை நிமிடம். தொடக்கத்தில் வருகிற வாத்தியப் பகுதி பழைய யெஸ்ஸை ஞாபகப்படுத்தும். அந்தப் பகுதிக்காக மட்டும் கசெட்டைப் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவருவேன், பற்றறியை மிச்சம் பிடிக்க.

இப்போது என்னைக் கேட்டால் ‘தி மோர் வி லிவ்’. ஸ்குவயர் பில்லி ஷேர்வுட் என்ற இளைஞரோடு சேர்ந்து எழுதியது. மெதுவாகப் போகும். அன்டர்சனின் குரலும் ஸ்குவயரின் குரலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி வரும். அல்பம் முழுவதிலும் அந்தப் பெயருக்கு நியாயம் செய்தது அந்த இரண்டு குரல்தான் என்று எனக்குத் தோன்றும். ஸ்குவயர் காலமான பிறகு அவருடைய இடத்தில் பேஸ் வாசிக்க வந்தவரும் அதே ஷேர்வுட்தான். அதை அறிந்துகொண்டு கேட்டால் பாட்டு இன்னும் கனக்கும்.

அன்டர்சன் பக்கத்தில் ‘ஐ வுட் ஹாவ் வெயிற்றட் ஃபோரெவர்’ நல்ல தொடக்கம். ‘வித்தவுட் ஹோப்’ பியானோவோடு அடக்கமாகத் தொடங்கி, பிறகு எலயஸின் புகை வந்து மூடிவிடும். ‘அங்கோர் வாட்’ பாட்டின் முடிவில் ஒரு பெண் குரல் கம்போடிய மொழியில் கவிதை வாசிக்கும். ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் பதினெட்டு வயதில் இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க அது போதும். ‘டேஞ்சரஸ்’ வந்தால் மட்டும் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஐம்பது வயதுக்காரர் பேரப்பிள்ளையின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

‘மாஸ்கரேட்’ பற்றி மேலே சொல்லிவிட்டேன். கிற்றார் பழகுகிறவன் அதைத்தான் கேட்க வேண்டும். மருமகன் மூன்று மாதமாக அதன் முதல் பகுதியைத் தட்டித் தடவிக்கொண்டிருக்கிறான்.

யெஸ் கேட்கத் தொடங்க இது சரியான இடமா?

நான் தொடங்கியது இதில்தான், ஆனால் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1971இல் வந்த ‘ஃப்ரஜைல்’ அல்பத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டாவதாக ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’, மூன்றாவதாக ‘90125’. இந்த மூன்றும் காதில் ஏறிய பிறகு ‘யூனியன்’ கேட்டால் எந்த ஆள் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்வீர்கள். ஒன்று: தேடும்போது 1991 என்று சேர்த்துத் தேடுங்கள். இல்லாவிட்டால் தொழிற்சங்கம் முதல் யூனியன் பிளேஸ் வரைக்கும் எல்லாம் வரும்.

பிறகு எட்டுப் பேரும் சேர்ந்தே இருந்தார்களா?

சுற்றுப்பயணம் முடிந்ததும் பிரிந்தார்கள். 1994இல் ‘டோக்’ என்ற அல்பம் ரேபின் அணியோடு மட்டும் வந்தது. 1996இல் ரேபின் இல்லாமல் அன்டர்சன், ஸ்குவயர், ஹௌ, வேக்மன், வைற் கூடி ‘கீஸ் டு அசென்ஷன்’ செய்தார்கள். மேடைப் பதிவோடு இரண்டு புதுப் பாட்டு. எழுபதுகளின் ரசிகர்கள் மறுசேர்க்கை என்று மனதார ஏற்றுக்கொண்டது அதைத்தான்.

ஸ்குவயர் 2015 ஜூனில் காலமானார். 2017 ஏப்ரலில் நியூயோர்க்கின் புரூக்ளினில் யெஸ் குழுவை ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பது வருடத்தில் அந்தக் குழுவில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். யார் யாருக்குக் கௌரவம் கொடுத்தார்கள் தெரியுமா? அன்டர்சன், ஸ்குவயர், புரூஃபர்ட், வைற், ஹௌ, ரேபின், கே, வேக்மன். அதே எட்டுப் பேர்! எல்லோரும் வெங்காயம் என்று தள்ளிய அந்த உறையில் இருந்த அதே பெயர்ப் பட்டியல். ஸ்குவயரின் இடத்தில் ரஷ் குழுவின் கெடி லீ நின்று பேஸ் வாசித்தார். வேக்மன் மேடையில் பேசிய பேச்சைத் தேடிக் கேளுங்கள், ஆனால் வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. 2022இல் வைற்றும் காலமானார்.

கசெட்டில் விடுபட்ட அந்த இரண்டு பாட்டையும் கடைசியில் கேட்டீர்களா?

கேட்டேன். கசெட் வாங்கி எட்டு வருடம் கழித்து, வேலைக்குப் போய், சீ.டி. வாங்கக் கையில் காசு வந்த பிறகு. ஒன்று ‘ஈவன்சோங்’, புரூஃபர்ட்டும் லெவினும் இரண்டு பேர் மட்டும் வாசித்த சின்ன உருப்படி, ஒரு நிமிடம்கூட இல்லை. மற்றது ‘டேக் தி வோட்டர் டு தி மவுன்டன்’. ஒரே வரியை அன்டர்சன் திரும்பத் திரும்பப் பாட, மெல்ல மெல்ல ட்ரம்ஸ் கிளம்பி வரும். கடைக்காரர் தொண்ணூறு நிமிடக் கசெட் ஒன்றைப் போட்டிருந்தால் எட்டு வருடத்துக்கு முந்தியே கேட்டிருப்பேன்.

அந்தக் கசெட் இப்போதும் அலுமாரியில் இருக்கிறது. சென்ற மாதம் மருமகன் எங்கோ பழைய வோக்மன் ஒன்று தேடிப்பிடித்துக் கொண்டுவந்து போட்டான். ‘ஹோல்டிங் ஒன்’ முடிகிற இடத்தில் தடக் என்று நின்றது. “உடைச்சுப்போட்டேனோ மாமா?” என்று பயந்துவிட்டான்.